பால் கேட்டு வந்தவர்: கிளைஸ்ட்டின் 'சிலியில் நிலநடுக்கம்'

ஹைன்ரிஹ் ஃபொன் கிளைஸ்ட்டின் 'சிலியில் நிலநடுக்கம்' கதைக்கு ஒரு ரெடிமேட் விளக்கம் உண்டு. கதை மூன்று துண்டு. முதலில் நகரம் இடிகிறது. பிறகு ஊருக்கு வெளியே பள்ளத்தாக்கில், தப்பியவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் தேவாலயத்தில் அதே ஊர்க்காரர்கள் கட்டையை எடுத்துக்கொண்டு அடித்துக் கொல்கிறார்கள். நடுத்துண்டு இயற்கை, கடைசித்துண்டு மதம். ஆக, மனிதன் நல்லவன், சர்ச்தான் அவனைக் கெடுக்கிறது. ரூசோ வாழ்க, கதை முடிந்தது.

எனக்கு இது ஒத்துவரவில்லை. இந்த விளக்கத்தில் பாதிரியாரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் சௌகரியமாக வெளியே நின்றுகொள்ளலாம். கிளைஸ்ட் அப்படி யாரையும் வெளியே நிற்கவிடுகிற ஆள் கிடையாது. அவர் கதையில் ஆபத்து வெறுப்பிலிருந்து தொடங்குவதில்லை, நன்றியிலிருந்து தொடங்குகிறது. கொல்பவர்களும் கொல்லப்படுபவர்களும் ஒரே காரணத்துக்காகத்தான் கோயிலுக்குப் போகிறார்கள்: கடவுளுக்கு நன்றி சொல்ல.

கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 200 வருடத்துக்கு மேல் பழைய கதை, முடிவைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சாந்தியாகோ நகரம், 1647. ஜெரோனிமோ ஒரு பணக்கார வீட்டில் ட்யூஷன் வாத்தியார். அந்த வீட்டுப் பெண் ஜோசஃபேவுக்கும் அவனுக்கும் காதல். அப்பா கண்டுபிடித்து அவளைக் கன்னியர் மடத்தில் அடைக்கிறார். ஜெரோனிமோ மடத்துத் தோட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறான். தேவ நற்கருணைப் பவனி நடக்கும் நாளில், பேராலயப் படிக்கட்டில் அவளுக்குப் பிரசவ வலி வருகிறது. எரித்துக் கொல்லத் தீர்ப்பு. பிறகு கருணை காட்டி, தலையை வெட்டினால் போதும் என்று மாற்றுகிறார்கள். ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கருணைகூடப் பிடிக்கவில்லை. தண்டனை ஊர்வலம் போகும் வழியில் இருக்கும் வீடுகளின் ஜன்னல்கள் வாடகைக்கு விடப்படுகின்றன, கூரை ஓடுகள் பிரிக்கப்படுகின்றன. நல்ல வியூ வேண்டுமே.

அவளைக் கொண்டுபோகும் மணியோசை கேட்கிறது. சிறையில் ஜெரோனிமோ ஒரு தூண் பக்கத்தில் நின்று கயிற்றைத் தயார் செய்கிறான். அப்போது பூமி ஆடுகிறது. சாவதற்காகத் தேர்ந்தெடுத்த அதே தூணை, சாகாமல் இருக்கக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். சிறைச்சாலை முன்பக்கமாகச் சாய, எதிர்க் கட்டடமும் அதை நோக்கிச் சாய, இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு ஒரு வளைவு உண்டாகிறது. அதற்கடியில் புகுந்து அவன் தப்பிக்கிறான்.

இன்ஜினியரிங் படித்தவனுக்கு இந்த இடத்தைச் சும்மா தாண்டிப்போக முடியாது. வளைவு ஏன் நிற்கிறது? எல்லாக் கற்களும் ஒரே நேரத்தில் விழப் பார்ப்பதால்தான் நிற்கிறது என்று கிளைஸ்ட் 1800-இல் தன் காதலிக்கு எழுதிய கடிதத்தில் ஆச்சரியப்பட்டிருக்கிறார். தான் விழப்போகும் நேரத்திலும் தன்னைத் தாங்கும் என்று அதில் ஆறுதல் தேடியிருக்கிறார். பாவம், 1811-இல் 34 வயதில் தன்னைச் சுட்டுக்கொண்டார். ஆனால் கடிதத்தில் ஆறுதலாக இருந்த அந்தப் படம், கதையில் வெறும் பௌதிகம். இரண்டு கட்டடம் சாய்ந்தது, நடுவில் ஒருவன் தப்பினான். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறதா என்று கிளைஸ்ட் சொல்வதில்லை. அர்த்தத்தை ஜெரோனிமோதான் போடுகிறான், முழந்தாளிட்டு, நெற்றி தரையில் பட. கொஞ்ச நேரத்தில் ஜோசஃபே நினைவுக்கு வந்ததும், நன்றி சொன்னதற்காகவே வருந்துகிறான். மேகத்துக்கு மேல் ஆளுகிறவர் அவனுக்கு அப்போது பயங்கரமானவராகத் தெரிகிறார். அவளைக் கண்டுபிடித்த பிறகு மறுபடியும் நன்றி. ஒரே நாளில் கடவுள் அவனுக்கு இத்தனை முறை மாறிவிடுகிறார். மாறியது அவன் நிலைமை மட்டும்தான்.

ஜோசஃபே தப்பிய கதை இன்னும் கூர்மை. கொலைக்களத்துக்குப் போகும் வழியில் எல்லாம் சிதறுகிறது. அவள் முதலில் நகர வாசலை நோக்கி ஓடினாலும், சீக்கிரமே நிதானத்துக்கு வந்து, குழந்தை ஃபிலிப்பை விட்டுவந்த மடத்துக்குத் திரும்புகிறாள். அங்கே வாசலில் மடத்துத் தலைவி, தன் பொறுப்பில் இருக்கும் அந்தக் குழந்தையைக் காப்பாற்றச் சொல்லிக் கத்திக்கொண்டு நிற்கிறார். ஜோசஃபே புகைக்குள் நுழைந்து பிள்ளையோடு வெளியே வருகிறாள். தலைவியின் கைகளில் போய் விழப்போகிற நொடியில் கூரை முகப்பு இடிந்து விழுந்து தலைவியும் ஏறக்குறைய எல்லாக் கன்னியரும் சாகிறார்கள். இந்தத் தலைவிதான் முன்பு ஜோசஃபேவுக்காகப் பரிந்து பேசியவர். 'சர்ச் கெட்டது' என்று சுருக்குகிறவர்கள் இந்த அம்மாவை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கதையில் நிலநடுக்கத்துக்கு முன்பும் இரக்கம் காட்டிய ஒரே மத அதிகாரி அவர்தான். அவரையும் கொல்கிறது, பேராயரையும் நசுக்குகிறது, அரசப் பிரதிநிதியின் மாளிகையையும் விழுங்குகிறது. பூமிக்குக் கணக்கு வழக்கு கிடையாது.

மனிதர்களுக்கு உண்டு. அன்று ராத்திரி மாதுளை மரத்தடியில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஜெரோனிமோவும் ஜோசஃபேவும் தாங்கள் சந்தோஷமாக இருப்பதற்காக உலகத்துக்கு எவ்வளவு துன்பம் வரவேண்டியிருந்தது என்று நினைத்து நெகிழ்ந்துபோகிறார்கள். கதையின் அச்சாணி இந்த இடம் என்பது என் எண்ணம். அழகான காட்சி, நிலா, நைட்டிங்கேல் பறவையின் பாட்டு, எல்லாம் இருக்கிறது. அதனால் நாம் கவனிக்காமல் போய்விடுகிறோம். அவர்கள் நினைப்பதை அப்படியே நேர்வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: ஒரு நகரம் செத்தது எங்களுக்காக. மறுநாள் பிரசங்க மேடையிலிருந்து வரப்போகும் வாக்கியம்: ஒரு நகரம் செத்தது அவர்களால். இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான், வேற்றுமை உருபு மட்டும் மாறியிருக்கிறது.

இப்போது பால் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் நல்ல உடை அணிந்த ஒருவர் கைக்குழந்தையோடு ஜோசஃபேவிடம் வருகிறார். பெயர் டான் ஃபெர்னாண்டோ. மனைவி டோனா எல்விரே காயம்பட்டு மரத்தடியில் கிடக்கிறாள், பிள்ளை ஹுவான் பசியில் அழுகிறான், கொஞ்சம் பால் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார். ஜோசஃபே ஒரு கணம் தயங்குகிறாள். இவர் தெரிந்த மனிதர், தன்னை அடையாளம் கண்டுகொள்வாரே. அவர் தயக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு இன்னும் கெஞ்ச, அவள் பிள்ளையை வாங்கி மார்பில் போட்டுக்கொள்கிறாள். இப்படிப்பட்ட நேரத்தில் இருப்பதைப் பகிர்ந்துகொள்ள யாரும் மறுப்பதில்லை என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள்.

பள்ளத்தாக்கில் நடந்த கருணை என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதன் உண்மையான சரக்கு இதுதான். எல்லோரும் ஒரே குடும்பம் போல ஆனார்கள் என்று கதைசொல்லி பூரிக்கும்போது, 'போல' என்பதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஏனென்றால் அதே பக்கங்களில், கொள்ளையைத் தடுக்கத் தூக்குமரம் நட்டதும், எரியும் வீட்டின் பின்பக்கமாகத் தப்பி ஓடிவந்த நிரபராதி ஒருவனை வீட்டுக்காரன் திருடன் என்று பிடித்துக்கொடுத்துத் தூக்கில் போட்டதும் செய்தியாகக் காதில் விழுகிறது. சொர்க்கத்திலும் நியூஸ் வருகிறது. ஆனால் பால் 'போல' அல்ல. பசித்த பிள்ளை குடித்தது. ஃபெர்னாண்டோ நிலநடுக்கம் ஏன் வந்தது என்று கேட்கவில்லை. இந்தப் பெண் யார் என்பதை ஒரு பிரச்சினையாக்கவில்லை. அவரிடம் ஒரு தேவை இருந்தது, அவளிடம் ஒரு பொருள் இருந்தது. கதையில் அர்த்தம் தேடாமல் நடக்கிற ஒரே பெரிய காரியம் அதுதான்.

அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். இடியாமல் நிற்கும் ஒரே கோயிலான தொமினிக்கன் ஆலயத்தில் நன்றித் திருப்பலி என்று செய்தி வருகிறது. டோனா எலிசபெத் என்ற பெண்ணுக்கு மட்டும் மனசு சரியில்லை, தடுத்துப் பார்க்கிறாள், ஃபெர்னாண்டோ காதில் ஏதோ சொல்கிறாள், பலிக்கவில்லை. போகலாம் என்று துடிப்பவள் ஜோசஃபேதான். படைத்தவர் முன்னால் தரையில் முகம் பதித்துக் கிடக்க வேண்டும் என்று இதற்குமுன் இவ்வளவு தோன்றியதே இல்லை என்கிறாள். நேற்று அவளைக் கொல்ல அழைத்துப்போன ஊர் இது. அதை மறக்கும் அளவுக்கு நன்றி.

பிரசங்கியாரும் நன்றியில்தான் தொடங்குகிறார். இதைப் பலர் தாண்டிப்போகிறார்கள். இடிந்துகிடக்கும் இந்த மூலையிலும் கடவுளை நோக்கி நாக்குழற ஆட்கள் மிச்சமிருக்கிறார்களே என்று ஆரம்பித்து, நேற்று வந்தது இறுதித் தீர்வைக்கு வெறும் முன்னோட்டம் என்று போய், சுவரில் இருக்கும் விரிசலைக் காட்டி, ஊரின் ஒழுக்கக்கேட்டுக்கு வந்து, சோதோம் கொமோரா சொல்லி, மடத்துத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லி, கடைசியில் இருவர் பெயரையும் சொல்கிறார். நன்றி, காரணம், ஆள். நாங்கள் பிழைத்தோம் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும், காரணம் என்றால் அதற்கு ஒரு ஆள் வேண்டும். சாஃப்ட்வேர் வேலையில் சர்வர் விழுந்த மறுநாள் நடக்கும் 'போஸ்ட்மார்ட்டம்' மீட்டிங்குகளை அறிந்தவர்களுக்கு இந்தப் பாதை நன்றாகத் தெரியும். யார்மீதும் பழி போட மாட்டோம் என்று ஸ்லைடு போட்டுத்தான் தொடங்குவார்கள். 'ஏன்' என்பது 'யாரால்' என்று ஆக அரைமணி நேரம் போதும்.

இன்னொன்றும் பிரசங்கத்தில் இருக்கிறது. அந்த இருவர் செய்ததைவிட, அவர்களுக்கு உலகம் காட்டிய சலுகையைத்தான் தெய்வத்துக்கு அடுக்காது என்று அவர் சாடுகிறார். அதாவது தலைவெட்டு போதும் என்ற அந்த அற்பச் சலுகையை. நிலநடுக்கம் எதற்கான தண்டனை என்றால், இரக்கப்பட்டதற்கான தண்டனை.

சோதோமைச் சொல்கிறவர் அதற்கு முந்தைய அதிகாரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். தொடக்க நூலில் சோதோம் எரிவதற்கு முன்னால் ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசுகிறார். 50 நல்லவர்கள் இருந்தால் அழிப்பீரா என்று ஆரம்பித்து, 45, 40, 30, 20 என்று மார்க்கெட்டில் விலை குறைப்பதுபோல் 10 வரை கொண்டுவருகிறார். நேற்று ராத்திரி அந்தப் பள்ளத்தாக்கில் பத்துப்பேருக்கு மேலேயே இருந்தார்கள். பிரசங்கியார் அங்கே போய் எண்ணிப் பார்க்கவில்லை.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் சிலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த சம்பவத்தை இயேசுவே எடுக்கிறார். அந்தப் பதினெட்டுப் பேரும் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொல்கிறார். அதோடு நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்: நீங்கள் மனம் மாறாவிட்டால் உங்களுக்கும் இதே கதிதான் என்கிறார். மென்மையான பேச்சு கிடையாது. ஆனால் விரல் எங்கே நீள்கிறது என்று பாருங்கள். செத்தவர்களை நோக்கி அல்ல, கேட்டுக்கொண்டு நிற்பவர்களை நோக்கி.

இனி கதைக்கு வெளியே, நிஜ சாந்தியாகோவுக்குப் போகலாம். கிளைஸ்ட் சிலியைக் கண்ணால் பார்த்ததில்லை. அரசப் பிரதிநிதி இருந்தது லிமாவில். சாந்தியாகோவில் அன்று இருந்தது பேராயர் அல்ல, ஆயர். உண்மை நிலநடுக்கம் வந்தது பகலில் அல்ல, 1647 மே 13 ராத்திரியில். ஆயரின் பெயர் காஸ்பர் தெ வில்லரோயல், அகுஸ்தீனார் சபைத் துறவி. இடிபாட்டிலிருந்து காயத்தோடு வெளியே வந்தார். அன்று ராத்திரி நகரச் சதுக்கத்தில் குருக்களோடு சேர்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். அகுஸ்தீனார் ஆலயத்தில் சுவர்கள் இடிந்தும் ஒரு பாடுபட்ட சுரூபம் மட்டும் உடையாமல் நின்றது, தலையிலிருந்த முள்முடி கழுத்துக்கு இறங்கியிருந்தது. அதைச் சதுக்கத்துக்குத் தூக்கிவந்தார்கள். இன்றும் ஒவ்வொரு மே 13-ஆம் தேதியும் அந்தச் சுரூபத்தோடு பவனி போகிறது, முடி கழுத்திலேயேதான் இருக்கிறது.

பிரசங்கியாருக்கு இதைவிட வசதியான நேரம் வாய்க்காது. ஆனால் வில்லரோயல் சில வருடம் கழித்து வெளியிட்ட தன் பெரிய நூலில் இந்த நிலநடுக்கத்தைப் பற்றி எழுதும்போது, இந்த ஊர் தன் பாவங்களால்தான் அழிந்தது என்று தீர்ப்புச் சொல்வதே சாவான பாவம் என்கிற அளவுக்குப் போகிறார். தவமும் பாவமன்னிப்பும் வேண்டாம் என்றவர் அல்ல அவர். மனம் மாறுங்கள் என்று உயிரோடிருப்பவர்களிடம் சொல்லலாம், செத்தவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமை இல்லை. சிலோவாம் கோபுரத்தின் கீழே நின்றுகொண்டு பேசிய ஆயர்.

கிளைஸ்ட்டுக்கு வில்லரோயலைத் தெரிந்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருப்பாரா? எழுதியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் அவர் மனதில் இருந்தது லிஸ்பன். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், ஜனங்கள் பூசையில் இருந்த காலைவேளை. மறு வருடமே சேசு சபைக் குரு கப்ரியேல் மலக்ரிதா, உண்மையான காரணம் நகரத்தின் பாவம்தான் என்று ஒரு சிறுநூல் போட்டார். கூடாரம் கட்டி மறுவாழ்வு வேலை பார்ப்பதை விடத் தவம் செய்வதே முக்கியம் என்பது அவர் கட்சி. அமைச்சர் பொம்பால் அவரை லிஸ்பனை விட்டே வெளியேற்றினார். 1761-இல் விசாரணை மன்றத்தின் பெயரால் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். காரணம் தேடியவரே கடைசியில் இன்னொருவர் கணக்கில் காரணமாகிப்போனார். கிளைஸ்ட் எழுதக்கூடிய கதைதான்.

இதையெல்லாம் அந்தக் காலத்துக் கத்தோலிக்கச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கம் வந்தபோது காந்தி தென்னிந்தியாவில் ஹரிஜன யாத்திரையில் இருந்தார். திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார். அவர் கை காட்டிய பாவம் நிஜப் பாவம், கேட்டவர்கள் வெட்கப்பட வேண்டிய பாவம். ஆனாலும் தாகூர் மறுத்தார். செத்தவர்களில் எத்தனை ஏழைகள், எத்தனை தீண்டப்படாதவர்கள்? இதே வாதத்தை எதிர்த்தரப்பு காந்திக்கு எதிராகவே திருப்பினால் என்ன செய்வது? தாகூர் சுட்டிக்காட்டிய ஆபத்து அதுதான். நல்ல நோக்கத்துக்காகச் சொன்னாலும் அந்த வாக்கியம் தன் வேலையைத்தான் செய்யும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் கடற்கரைக் கடைக்காரர்களும் அலையில் போனார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. மாதா காப்பாற்றினாள் என்ற பேச்சை நான் பள்ளிக்கூட வயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், உயிர் பிழைத்தவருக்கு வாயில் முதலில் வரும் சொல் நன்றிதான். ஆனால் கிளைஸ்ட்டைப் படித்த பிறகு அந்த வாக்கியத்தின் மறுபாதி தானாகவே காதில் விழுகிறது: அப்போ கடற்கரையில் நின்றவர்கள்? அவர்களும் மாதாவிடம் வந்தவர்கள்தானே. அதே நாட்களில் அதே ஊரில் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தவர்கள் இருந்தார்கள், சோறு பொங்கிப் போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் விசுவாசம் இருந்திருக்கும். வேலை நடுவில் யாரும் அதை வாக்கியமாக்கிக்கொண்டு நிற்கவில்லை.

ஆகவே கிளைஸ்ட் விசுவாசத்துக்கு எதிரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. விசுவாசம் விளக்கமாக மாறும் இடத்தைத்தான் அவர் பார்க்கிறார், கண் சிமிட்டாமல். கொலை நடக்கும் பக்கங்களில் அதை எவ்வளவு துல்லியமாகச் செய்கிறார் என்று பாருங்கள். விளக்கத்துக்கு ஒரு ஆள் தேவை என்றேன் இல்லையா, கூட்டம் முதலில் பிடிப்பது தப்பான ஆளை. ஜோசஃபே கையில் இருப்பது ஹுவான், அவளுக்குத் துணையாக நடந்தவர் ஃபெர்னாண்டோ. எனவே அவர்தான் ஜெரோனிமோ, அதுதான் அந்தப் பிள்ளை என்று கூட்டம் முடிவு செய்கிறது. அவளுக்குச் செருப்புத் தைத்துக்கொடுத்து, அவள் பாதத்தின் அளவுவரை அறிந்த பெட்ரில்லோதான் அவளைக் காட்டிக்கொடுக்கிறான். ஜெரோனிமோவை அடிப்பவன் அவனுடைய அப்பா என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். கூட வந்த டோனா கான்ஸ்டான்சே சம்பந்தமே இல்லாமல் சாகிறாள். ஜோசஃபே இரண்டு பிள்ளைகளையும் ஃபெர்னாண்டோவிடம் கொடுத்துவிட்டுத் தானே கூட்டத்துக்குள் பாய்கிறாள். கடைசியில் பெட்ரில்லோ ஒரு பிள்ளையைப் பிடுங்கித் தூணில் அறைகிறான். அது ஹுவான். முதல் பக்கத்தில் ஒருவனைக் காப்பாற்றிய தூண் வேறு, இந்தத் தூண் வேறு. ஆனால் வாசிக்கிறவனுக்கு வேறாகத் தெரிவதில்லை.

முடிவைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஃபெர்னாண்டோ ஃபிலிப்பை வளர்க்கிறார். ஹுவானையும் ஃபிலிப்பையும் ஒப்பிட்டு, இரண்டு பேரும் தனக்குக் கிடைத்த விதத்தை நினைக்கும்போது, தான் சந்தோஷப்படத்தான் வேண்டுமோ என்று ஏறக்குறைய அவருக்குத் தோன்றுகிறது. 'ஏறக்குறைய' என்ற அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் படித்தால் ஃபெர்னாண்டோவும் கணக்குப் போட்டுவிட்டார் என்று ஆகும்: ஒரு பிள்ளை போனது, ஒரு பிள்ளை வந்தது, மாதுளை மரத்தடியில் அவர்கள் போட்ட அதே கணக்கு. அந்தச் சொல் இருப்பதால் கணக்கு முடியாமல் நிற்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு அந்த வாக்கியத்தைவிட அதற்கு முன்னால் வருவது முக்கியம். காயத்தில் கிடக்கும் டோனா எல்விரேவிடம் நடந்ததை ஃபெர்னாண்டோ ரொம்ப நாள் மறைக்கிறார். அவள் உடம்பு ஒரு காரணம். தான் நடந்துகொண்டதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்ற பயம் இன்னொரு காரணம். ஊர் கேட்ட பெண்ணோடு கைகோத்துக் கோயிலுக்குப் போனார், தன் பிள்ளையைச் சாகக் கொடுத்து அடுத்தவள் பிள்ளையோடு திரும்பினார். அவள் கேட்க நியாயமான கேள்வி இருக்கிறது: ஏன் போனீர்கள், யாரால் என் பிள்ளை செத்தான்? கதையில் இவ்வளவு நேரம் தவறான ஆட்கள் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்க உண்மையிலேயே உரிமை உள்ள ஒரே ஆள் அவள். யாரோ வந்து பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். எல்விரே தனியாக அழுது தீர்க்கிறாள். பிறகு ஒரு நாள் காலை, கண்ணில் மிச்சமிருந்த ஈரத்தோடு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கிறாள். என்ன பேசினாள் என்று கிளைஸ்ட் எழுதவில்லை. அடுத்த வாக்கியத்தில் ஃபிலிப் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறான்.